ஐந்துக்குக் கீழே

ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் அரசி, ஆண்டுக்கு ஒருமுறை நூற்று நாற்பது நாடுகளின் புள்ளியியல் சட்டங்களைப் படித்து மதிப்பெண் போடுவாள். தலைமைப் புள்ளியியலாளரை அமைச்சர் நினைத்தால் நீக்க முடியுமா? புள்ளிவிவரம் வெளிவரும் முன்பே ஆளுங்கட்சிக்குப் போகிறதா? இப்படி அறுபது கேள்விகள். இந்த வருடமும் தென்கரைதான் முதலிடம். அவளுடைய சொந்த நாடு.

முப்பத்தோராம் கேள்வியில் கை நின்றது. ஐந்து பேருக்குக் குறைவான எண்ணிக்கையை நாடு வெளியிடாமல் காக்கிறதா? தென்கரை காக்கிறது. பத்து. பக்கத்து நாடான வடகரை காப்பதில்லை. பூஜ்யம்.

வடகரையில் உப்புச்சளி என்ற உயிர்க்கொல்லி நோய் வந்தவர்கள் மூன்று பேர். வெளியான அந்த எண்ணை, எல்லா நாடுகளுக்கும் மருந்து பிரித்து அனுப்பும் பங்கீட்டுப் பொறி படித்தது. மறுவாரம் மூன்று பேருக்கும் மருந்து ட்ரோனில் வந்து இறங்கியது. தென்கரையில் நான்கு பேர். அட்டவணையில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. கோடு என்றால் பொறியின் கணக்கில் நோயாளி யாரும் இல்லை. மனிதர்கள் எழுதிக் கேட்டு மருந்து வாங்கும் வழக்கம் ஒழிந்து இருபது வருடமாகிறது.

நால்வரில் ஒருவன் அவள் கணவன் சேந்தன்.

தலைமைப் புள்ளியியலாளர் திருமேனியிடம் மூன்றாவது முறையாகப் போனாள்.

“நாலுன்னு போட்டா யார் யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும், மேடம்.”

“நாலு பேரும் ஒரே வார்டுல படுத்திருக்காங்க சார். டீ விக்கிறவருக்குக்கூடத் தெரியும்.”

“தெரியறது வேற, வெளியிடறது வேற.”

“அமைச்சர்கிட்ட பேசிப் பாக்கறேன்.”

“பேசுங்க. அவர் எனக்கு உத்தரவு போட முடியாது. அதுக்கும் பத்து மார்க் குடுத்திருக்கீங்க.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“இன்னும் ஒருத்தர் வந்துட்டா அஞ்சு. அன்னிக்கே வெளியிட்டுடறேன்,” என்றார்.

முப்பத்தோராம் கேள்வியை எழுதியவளே அரசிதான். முன்பு ஒரு ஊரில் தொற்றுநோயாளிகள் ‘மூன்று’ என்று வெளியானது. அந்த வாரமே அந்த மூவரின் வீடுகளும் எரிக்கப்பட்டன. சாம்பலை அவள் நேரில் பார்த்திருக்கிறாள். இப்போது பூஜ்யம் போடலாம். அதைப் பார்த்துத் தென்கரை சட்டத்தைத் திருத்த மூன்று வருடமாகும். சேந்தனுக்கு மூன்று மாதம் என்றிருந்தார் டாக்டர்.

பத்து என்றே போட்டு அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை வார்டுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் பூங்கோதை, கடல்நீர் ஆலையில் ஆய்வாளர். இருமிக்கொண்டே வாசலில் நின்றாள்.

“வாங்க, வாங்க,” என்று சேந்தன் எழுந்தான். ஒரு மாதமாக அவன் தானாக எழுந்ததில்லை. இன்னொருவர் ஜன்னலோரக் கட்டிலைக் காலி செய்து கொடுத்தார். மற்ற இருவரும் அவளுடைய துணிப்பைக்கு இடம் ஒதுக்கினார்கள். அரசி ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினாள்.

“எத்தனை நாளா இருமல்?” என்று ஒருவர் ஆவலாகக் கேட்டார்.

“ரெண்டு வாரமா. சாதாரணச் சளியாத்தான் இருக்கும்.”

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை.

பூங்கோதை டீயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“முன்ன பின்ன தெரியாதவளுக்கு இவ்வளவு செய்றீங்க. சாயங்காலம் ரிசல்ட் வருதுக்கா. ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு எனக்காக வேண்டிக்கிங்க.”

நான்கு பேரும் அரசியைப் பார்த்தார்கள்.

“சரிம்மா,” என்றாள் அரசி.