நடுவில் நின்றவள்

1961 பிப்ரவரியில், மலாக்கா காஜா பேராங்கில், குமாஸ்தாக்களுக்குத் தலைமைக் கிராணியான சேதுராமனின் பலகை வீட்டுக்கு ரேடியோவும் இசைத்தட்டு இயந்திரமும் சேர்ந்த ஒரு ஸ்டீரியோ ரேடியோகிராம் வந்தது. அதனுடன் இலவசமாகக் கிடைத்த இசைத்தட்டில் வாத்தியங்கள் மட்டும்தான், பாட்டு இல்லை.

பொருத்த வந்த கடை மெக்கானிக் கணேசமூர்த்தி கூடத்துச் சுவரின் இரண்டு மூலைகளிலும் ஒலிபெருக்கிப் பெட்டிகளை வைத்து, எதிரே பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டான். "இங்க உக்காருங்கண்ணே. இடது பக்கம் வயலின், வலது பக்கம் டிரம். நடுவுல பெட்டியே இல்ல, ஆனா அங்கயும் ஆள் நிக்கிற மாதிரி கேக்கும்."

சேதுராமனின் மனைவி மல்லிகா பின்னால் தொங்கிய கம்பிகளை எட்டிப் பார்த்தாள்.

"சிவப்பு சிவப்போட, கறுப்பு கறுப்போட இருக்கணும்கா. ஒரு பெட்டியில மட்டும் மாத்திக் குடுத்துட்டீங்கன்னா, நடுவுல நிக்கிற ஆளு ஊர் சுத்தக் கிளம்பிரும்லா!" என்று சிரித்தான்.

அந்த வாரமே மல்லிகா அந்த நடு ஆளின் குரலைக் கேட்டுவிட்டாள். விளக்கு வைக்கும் நேரம். தகரக் கூரையில் மழை விட்டு, ஓரத்தில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவளின் காதில், வயலினுக்கும் டிரம்முக்கும் இடையே, வாயைத் திறக்காமல் ஒரு பெண் ராகம் முனகுவது விழுந்தது. வார்த்தை இல்லை. வேலை செய்துகொண்டே தனக்குத்தானே முனகுகிற குரல்.

காப்பியோடு கூடத்துக்கு வந்தாள். சேதுராமன் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இருந்த வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததில்லை. அவளிடம் அவர் குறை சொன்னதும் கிடையாது, கை ஓங்கியதும் கிடையாது. காப்பி டம்ளரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்தச் சுவரில்தான் முன்பு கமலவேணியின் படம் மாட்டியிருந்தது. சேதுராமனின் மூத்த மனைவி, காய்ச்சலில் போனவள். கழுத்தில் தாலியோடு போனவள் என்பதால் வருஷத்துக்கொரு முறை அவளுக்குப் படையல் போட்டு, படத்துக்கு முன் புதுப் புடவை வைப்பார்கள். பிறகு அதை மல்லிகா கட்டிக்கொள்ள வேண்டும். மூத்தவள் அப்போதுதான் மனம் குளிர்வாளாம். இந்தத் தை மாதம் சேதுராமன் தானே கடைக்குப் போய்ப் பச்சைப் பட்டு எடுத்து வந்தார். மல்லிகாவுக்கு அவர் கையால் ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தந்ததில்லை. அவள் அந்தப் புடவையைக் கட்டவில்லை. அலமாரியின் அடித்தட்டில் திணித்துவிட்டு, படத்தையும் கழற்றி அதன்மேல் கவிழ்த்து வைத்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் ரேடியோகிராம் வாங்கினார்.

வேலிக்கு அப்பாலிருந்து, பக்கத்து வீட்டு மும்தாஜ் ஒருநாள் கேட்டாள். "மல்லிகா, சாயங்காலத்துல உங்க வீட்டுப் பெட்டியில பாடுறது யாருடி?"

"பாட்டே இல்லக்கா அதுல. வெறும் வாத்தியம்."

"போடி! எனக்குக் காது அவிஞ்சா போச்சு? கமலவேணி துணி தொவைக்கும்போது இப்படித்தான் முனகிக்கிட்டே இருப்பா." சொன்னதும் மும்தாஜின் முகம் மாறியது. "ஏதோ ஞாபகம். விடு," என்று உள்ளே போய்விட்டாள்.

மல்லிகாவுக்கு முதலில் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. செத்தும் கமலவேணி இடம் விடவில்லை. தினமும் சாயங்காலம் அவருக்கு எதிரே வந்து நிற்கிறாள். அவரும் ஆபீஸ் விட்டதும் சட்டைகூட மாற்றாமல் ஓடி வருகிறார். ஒருநாள் மல்லிகா பிடிவாதமாக அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து பார்த்தாள். முனகல் முகத்துக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில் கேட்டது. கரிசலாங்கண்ணித் தைலத்தின் வாசம். இந்த வீட்டில் இப்போது யாரும் அதைத் தலைக்குத் தேய்ப்பதில்லை.

மறுநாள் மத்தியானம், வீட்டில் தனியாக இருந்தபோது, வலது பக்கப் பெட்டியைத் திருப்பினாள். சிவப்பைக் கழற்றிக் கறுப்பின் இடத்தில் செருகினாள். கறுப்பைச் சிவப்பின் இடத்தில்.

"போ, ஊர் சுத்து," என்றாள்.

சாயங்காலம் சேதுராமன் இசைத்தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். வயலின் இருந்தது. டிரம் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அவர் முன்னால் குனிந்தார், தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார், கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்போலச் சுவரெல்லாம் தேடினார். "எங்க போயிட்டா?" என்றார், வாய்விட்டே.

அடுப்படி வாசலில் நின்ற மல்லிகாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போது முனகல் கேட்டது. கூடத்தில் இல்லை. அடுப்படியில், அவளுக்குப் பின்னால்.

திரும்பினாள். அடுப்பு, அம்மி, தண்ணீர்ப் பானை. முனகல் இடது பக்கம் போனது. பிறகு கூரையோரம். பிறகு எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியவில்லை. மழை இருட்டு வீட்டைச் சூழ்வதுபோல எல்லாப் பக்கமும் இருந்தது. தைல வாசம் மூக்கை அடைத்தது. சுவரில் முதுகை ஒட்டினாள். பின்கழுத்தில் குளிர்ந்த ஈரம்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

சேதுராமன் எழுந்து ஊசியைத் தூக்கினார். வயலின் நின்றது. டிரம் நின்றது.

முனகல் நிற்கவில்லை.

பக்கத்தில். இன்னும் பக்கத்தில். காதுக்குள். பல்லைக் கடித்தாள். பல் அதிர்ந்தது. கையால் வாயைப் பொத்தினாள். உள்ளங்கை அதிர்ந்தது. கழுத்தைத் தொட்டாள்.

அங்கேதான். முனகல் அவள் தொண்டையிலிருந்துதான் வந்தது.

சேதுராமன் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பு. இரண்டு வருஷமாக அவள் ஏங்கித் தவித்த அதே சிரிப்பு, கண் வரைக்கும். மெல்ல அவள் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"வேணி," என்றார். "அந்தப் பச்சைப் புடவையக் கட்டிக்கம்மா."

இல்லை என்று சொல்ல மல்லிகா வாயைத் திறந்தாள். முனகல்தான் வந்தது. கால்கள் அலமாரியை நோக்கி நடந்தன.

அடுத்த வாரம் சேதுராமன் ரேடியோகிராமைப் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஓர் ஆசிரியருக்கு விற்றுவிட்டார். வீட்டில் இனி அது தேவைப்படாது என்றார்.