சிவப்பைத் தொடாத குரல்

கோச்சடையில் வைகையை ஒட்டிய தெருவில் இருந்தது சௌரிராஜனின் ஒலிப்பதிவுக் கூடம். 2003 மே மாதம், மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயிலில் மதுவந்தி அங்கே போய்ச் சேர்ந்தாள். கம்ப்யூட்டரில் பாட்டைச் சரிசெய்து கொடுப்பது அவள் தொழில். சௌரிராஜனின் மனைவி அலர்மேல்மங்கை கடைசியாகப் பாடிய பாட்டு மெலிந்து பதிவாகியிருந்தது. வருஷத் திதிக்குள் அதைக் காதில் விழும்படி ஆக்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.

பாடுவதற்கான உள்ளறையில்தான் இப்போது கம்ப்யூட்டரும் இருந்தது. நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டது. சுவரெல்லாம் பஞ்சு, ஜன்னல் கிடையாது, நனைந்த சாக்கின் வாடை. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியைக் காணோம். அது ஆடுகிற சத்தம் ஒவ்வொரு பதிவிலும் விழுந்ததால் கழற்றிவிட்டதாகச் சொன்னார் மனிதர். இந்தத் தொழில்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இப்படியொரு புத்தி வரும்?

கதவு சாத்திக்கொள்ளாதிருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, தெருமுனைக்குக் காபி வாங்கப் போனார்.

மதுவந்தி அவசரக்காரி இல்லை. சத்தத்தை ஒரேயடியாக ஏற்றினால் திரையில் சிவப்பு எரியும். குரலின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அப்படியே சேமித்துவிட்டால் போனது போனதுதான். அதனால் நகல் ஒன்று எடுத்து, முதலில் மிருதங்கத்தையும் தம்புராவையும் தாழ்த்தினாள். பிறகு குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள்.

பாட்டு முடிந்தது. பதிவு முடியவில்லை.

யாரோ மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். இன்னும் சற்று ஏற்றினாள்.

“கதவத் திறங்க... மூச்சு முட்டுது.”

பாடிய அதே குரல்தான், உயிர்போகக் கத்துகிறது. இருந்தும் மெலிந்து பதிவாகியிருக்கிறதென்றால், அந்த நேரத்தில் வெளியே இருந்து யாரோ அதன் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

பின்னால் செங்கல் நகர்ந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

தட்டினாள், உதைத்தாள், கத்தினாள். எல்லாவற்றையும் பஞ்சு விழுங்கியது. வெளியறையில் ஒரு பெரிய ஸ்பீக்கர் இருந்தது நினைவுக்கு வந்து, மைக்கை இழுத்து வைத்துக் கத்தினாள். திரையில் சிவப்பு எரிந்தது. உடனே அங்கே அவள் குரலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழ், யாரும் தொடாமல், தானாகக் கீழே இறங்கியது.

ஏற்றினாள். இறங்கியது.

மூன்றாம் முறை கத்தியபோது அவள் குரல் அவள் காதுக்கே கேட்கவில்லை. தொண்டை எரிந்தது, வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. இங்கேயே செத்துவிடுவோம் என்று தோன்றியதும் அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை.

இறங்காமல் இருந்தது ஒரே குமிழ்தான். செத்தவளின் குரல்.

வாழ்நாளில் செய்யாத காரியத்தை மதுவந்தி அன்று செய்தாள். அந்தக் குமிழைக் கடைசிவரை ஏற்றினாள். எதுவும் தடுக்கவில்லை. சிவப்பு எரிந்து நிலைத்தது. வெளியே ஸ்பீக்கர் தகரத்தைக் கிழிப்பதுபோல் அலறி, தெருவே அதிர்ந்து, பொசுக்கென்று செத்தது.

கதவு திறந்தது. காபித் தூக்குச்சட்டி உருண்டு கிடக்க, சௌரிராஜன் வெளிறிப்போய் நின்றார். மதுவந்தி அவரை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

“அன்னிக்கு அவ பாடுறான்னுதான் நெனைச்சேன்மா,” என்றார் மெதுவாக. “சிவப்பு எரிஞ்சுச்சு. கெட்டுரக் கூடாதேன்னு நான்தான் கொறைச்சுட்டு, கடைக்குப் போயிட்டேன்.”

மெயின் ஸ்விட்சை அணைத்தார். கதவை விரியத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வெளிய வா அலரு.”

இருட்டில் ஒருவரும் இல்லை.

அவர் கைக்குள் மரம் அதிர்ந்தது. விரியத் திறந்து கிடந்த அந்தக் கதவை, உள்பக்கமிருந்து யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.