முன்னுரிமை முகம்

யாரோ கண்ணை மூடியிருக்கலாம் என்று கேமரா எழுதிக் காட்டியது.

“யாரு?” என்று அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். கேட்கத்தானே தோன்றும்! படத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள், அவளுடைய மகள் சிட்டு. சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை உருட்டி விழித்துக்கொண்டிருந்தாள். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன, கருவிழியில் ஜன்னல்கூடத் தெரிந்தது.

வெளியே காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. விடுமுறை நாள், வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும். சுவரெல்லாம் ஈர வாடை. பிற்பகல்தான், ஆனாலும் கூடத்தின் மூலைகளில் அதற்குள் இருட்டுக் கட்டிவிட்டது.

வண்டி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இடிபட்ட கார்களைப் படம் எடுப்பது அவள் வேலை. நசுங்கிய பம்பர், கதவில் விழுந்த கீறல், உடைந்த விளக்கு. வண்டிக்காரர்கள் அழுவார்கள், பிள்ளை மேல் சத்தியம் செய்வார்கள். அவளிடம் ஒன்றும் நடக்காது. “வாயால சொல்லாதீங்க சார், படத்துல காட்டுங்க” என்பாள். அலுவலகம் எல்லாருக்கும் போன் கொடுத்துவிட்டதால் சட்டைப் பையில் அடங்கும் இந்தச் சின்ன கேமராக்களுக்கு வேலை இல்லாமல் போனது. வேண்டுமென்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தன் கையில் இத்தனை வருடம் பழகியதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதுவரை அதன் மெனுவை அவள் தோண்டிப் பார்த்ததில்லை. காருக்கு ஏது முகம்? வீட்டில் பொழுதுபோகாமல் ஒவ்வொன்றாகத் திறந்தபோதுதான் முகப் பதிவு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருமுறை காட்டி, பேரையும் பிறந்த நாளையும் கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் எந்தக் கூட்டத்தில் அவர் நின்றாலும் மஞ்சள் கட்டம் போட்டு, பேரும் வயதும் எழுதிக் காட்டும். பிள்ளைகள் வளர வளரப் பதிவில் உள்ள முகத்தையும் அதுவே புதுப்பித்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேல் முகங்கள் இருந்தால் யாருக்கு முன்னுரிமை என்றும் கேட்டு வைத்துக்கொள்ளும்.

சிட்டுவைப் பதிந்தாள். நான்கு வயது.

அத்தோடு விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. அவளுக்கு ஒன்றா, இரண்டு பெற்றவள் இல்லையா? படுக்கையறைச் சுவரில் மூத்தவன் துரையின் படம் மாட்டியிருந்தது. ஐந்து வயதில் காய்ச்சல் கொண்டுபோன பிள்ளை. இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. வண்டி கைக்கு வராதபோது வண்டியின் பழைய படத்தையே மறுபடி படம் எடுத்துச் சேர்ப்பது அவள் அலுவலகத்தில் வழக்கம். அந்தப் பழக்கத்தில், கை தானாகச் செய்தது. சுவர்ப் படத்துக்கு நேரே கேமராவைப் பிடித்தாள். கட்டம் விழுந்தது. பேர்: துரை. பிறந்த நாளைக் கொடுத்தாள். முன்னுரிமை யாருக்கு என்று கேட்டது. துரைக்கு என்று அழுத்தினாள். அழுத்திவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

துரை என்றால் துரைதான்! சிட்டு கைக்குழந்தையாக இருந்தபோது அவளை யார் படம் எடுத்தாலும் எங்கிருந்தாவது ஓடிவந்து குறுக்கே முகத்தை நீட்டுவான். “என்னை மட்டும் எடு! என்னை மட்டும்!” பல்லெல்லாம் தெரிய வாயை இழுத்துச் சிரிப்பான், சிரிக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். எடுத்த படமெல்லாம் அப்படித்தான். கண் திறந்து இருந்தது அந்த ஒரே படம், அதனால்தான் சுவருக்கு வந்தது.

யாரோ கண்ணை மூடியிருக்கலாம்.

போன் அடித்தது. அவள் கணவன். வெளியூரில் லிப்ட் பொருத்தும் வேலையில் இருந்தான், மாதக் கடைசியில்தான் வருவான்.

“கேமரா என்னமோ சொல்லுதுங்க. கண்ணை மூடியிருக்காங்கன்னு. இவ நல்லா முழிச்சிட்டுதான் இருக்கா.”

“அதுக்குக் கண்ணாடி போட்டு விடு. வயசாயிடுச்சுல்ல, உன்னை மாதிரி.”

“கிண்டலா?”

“சிட்டு முகத்தை மட்டும்தானே அதுல போட்டு வச்சிருக்க?”

ஏன் அப்படிக் கேட்டான்? அவன் கேட்ட விதத்தில் ஒன்றுமில்லை, பேச்சுக்குக் கேட்டான். “ஆமா, அவளை மட்டும்தான்” என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

போனை வைத்துவிட்டு மறுபடி கேமராவைத் தூக்கினாள். லென்ஸ் முனகிக்கொண்டு வெளியே நீண்டது. இருட்டாக இருந்ததால் முன்னாலிருந்த ஆரஞ்சு விளக்கு தானாக எரிந்து சோபாவைத் தொட்டது, சிட்டுவின் முழங்காலைத் தொட்டது, அவளுக்குப் பின்னால் ஜன்னல் ஓரமாகத் தொங்கிய திரைச்சீலை வரை போய் அங்கேயே நின்றது. சிட்டுவின் முகத்தில் கட்டம் விழவில்லை. திரைச்சீலையின் மடிப்பில், தரையிலிருந்து ஒரு பிள்ளையின் உயரத்தில், மஞ்சள் கட்டம் விழுந்தது.

துரை. 8 வயது.

கேமராவை இறக்கிப் பார்த்தாள். வெறும் திரைச்சீலை. பழுப்புத் துணி, அடியில் ஈரக்கறை. கேமராவைத் தூக்கினாள். கட்டம்.

பயப்பட வேண்டியவள்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தப் பயத்துக்குக் கீழே ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எட்டு வயதாம்! பிள்ளை வளர்ந்திருக்கிறான். படம் பொய் சொல்லாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். பொத்தானை அழுத்தினாள். யாரோ கண்ணை மூடியிருக்கலாம். இன்னொன்று. யாரோ கண்ணை மூடியிருக்கலாம்.

“கண்ணைத் திறடா கண்ணு” என்றாள் மெதுவாக. “ஒரே ஒரு தடவை. அம்மாவைப் பாருடா.”

“யார்கிட்டம்மா பேசுற?” என்றாள் சிட்டு.

“சும்மா இரு.”

சிரிப்பைக் கண்டால் தானாகப் படம் எடுக்கும் வசதி அந்தக் கேமராவில் இருந்தது. அதைப் போட்டாள். கேமராத் திரையின் ஓரத்தில் சிரிப்பை அளக்கும் கோடு ஒன்று வந்தது. கட்டம் திரைச்சீலையை விட்டு நகர்ந்திருந்தது. சோபாவின் கைப்பிடிக்கு வந்திருந்தது. கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

யாரோ அவள் நைட்டியின் ஓரத்தைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தார்கள். சிட்டுதான். சோபாவிலிருந்து இறங்கி வந்திருந்தாள். தூக்கிக்கொள்ளச் சொல்லி வாய் திறந்து கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. பேசத் தெரியாத நாளிலிருந்தே இப்படித்தான், ஓரத்தைப் பிடித்து இரண்டு இழுப்பு.

“என்னையும் எடும்மா.”

“எடுக்கிறேன். போ. போய் உக்காரு.”

சிட்டு போய் சோபாவுக்கு முன்னால் நின்றாள். திரை முழுக்க அவள்தான். கட்டம் காணாமல் போயிற்று. சிரிப்புக் கோடு சரிந்து விழுந்தது.

“அட நகருடி!” என்று கத்தினாள். “அண்ணனை மறைக்கிற!”

சொல்லி முடிக்கும் முன்னாலேயே நெஞ்சில் சுருக்கென்றது. சிட்டுவின் உதடு பிதுங்கியது. ஒரு எட்டு பின்னால் வைத்தாள். இன்னொரு எட்டு. திரைச்சீலையின் பக்கமாக.

கேமரா அடித்தது. தானாக. அது தயார் என்று சொல்லும் ‘பீப்’, அதைத் தொடர்ந்து வெளிச்சம். கண் கூசியது. வெளிச்சம் போன பிறகு கூடம் முன்னைவிட இருட்டாகத் தெரிந்தது. மழைச் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது?

சிட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள்? கால்களைத் தொங்கப்போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

“கோபமா தங்கம்? அம்மா தெரியாம கத்திட்டேன்.”

தொங்கிய கால்கள் முன்னும் பின்னும் ஆடின.

“இப்ப உன்னைத்தான் எடுக்கப்போறேன், பாரு.”

தூக்கினாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. குழந்தையின் முகத்தில் கட்டம் விழுந்தது.

துரை. 8 வயது.

தப்பு. கேமரா தப்புச் செய்கிறது. அணைத்தாள். லென்ஸ் முனகி உள்ளே போனது. போட்டாள். முனகி வெளியே வந்தது. குழந்தையின் முகம். கட்டம். துரை.

“சிட்டு?”

“என்னை மட்டும் எடு” என்றது சோபாவில் இருந்த குழந்தை.

சிட்டுவின் குரல்தான். ஆனால் அந்த இழுவை சிட்டுவுக்குக் கிடையாது, அது துரையுடையது.

அழித்துவிட வேண்டும், அந்தப் பதிவை இப்போதே அழித்துவிட வேண்டும். மெனு. முகப் பதிவு. விரல் வழுக்கி வேறெங்கோ போனது. வெள்ளைச் சமநிலை, சுய டைமர், மீண்டும் மெனு. திறந்தது. இரண்டு பேர், இரண்டு சின்னப் படங்கள்.

துரை என்ற பேருக்கு நேரே சுவர்ப் படம் இல்லை. கேமரா புதுப்பித்திருந்தது. அங்கே சிட்டுவின் முகம் இருந்தது. வாயை இழுத்து, கண்ணை இறுக்கி மூடி.

சிட்டு என்ற பேருக்கு நேரே பழுப்பு. வெறும் திரைச்சீலைத் துணியின் பழுப்பு.

அழிக்கவா, என்று கேட்டது. ஆம். இல்லை.

பேரை அழித்தால் முகம்? முகத்தோடு போவது யார்? கட்டைவிரல் பொத்தானின் மேலேயே நின்றது. அழுத்த முடியவில்லை. பெற்ற வயிறு, இரண்டில் எதை அழிக்கும்?

சோபாவில் ஒரு சிரிப்பு. சத்தமில்லாமல், பல்லெல்லாம் தெரிய. கண்கள் மூடியிருந்தன.

மெனு தானாக மூடிக்கொண்டது. பீப். வெளிச்சம். படம் எடுத்தது. பீப். வெளிச்சம். மறுபடி. அவள் விரலை எடுத்துவிட்டாள். அப்போதும் எடுத்தது. ஒவ்வொரு வெளிச்சத்திலும் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகன்றது.

திரையின் ஓரத்தில் இன்னொரு கட்டம் வந்தது. சின்னது. திரைச்சீலைக்குப் பக்கத்தில், வெறும் இடத்தில், தாழ்வாக.

சிட்டு. 4 வயது.

வெளிச்சம். கட்டம் சோபாவைத் தாண்டியது.

வெளிச்சம். பெரிதாகிக்கொண்டு வந்தது. தள்ளாடித் தள்ளாடி.

வெளிச்சம். கட்டம் திரையின் கீழ் விளிம்பைத் தொட்டு, கீழே இறங்கி மறைந்தது.

அவள் கேமராவை விலக்கிக் குனிந்து பார்த்தாள். காலடியில் யாரும் இல்லை. வெறும் தரை.

நைட்டியின் ஓரம் இழுபட்டது. இரண்டு தடவை.