உள்ளே இருப்பவர்கள்

விளாங்குடியில் அந்த மாடி வீட்டுக்கு ரூத் குடிவந்து மூன்று மாதம். தண்ணீர் கேன் போடுகிறவரைத் தவிர ஒரு ஜீவன் படியேறி வந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் போன் ஒலித்து ‘உள்ளே இருப்பவர்கள்: 2’ என்றது.

அந்த அறிவிப்பு உடனே மறைந்தும் போனது. தனியாக வசிக்கும் வயதானவர்களுக்காக அவள் கம்பெனி செய்கிற கருவி அனுப்பியது அது. மேலே கூரையில் ஒட்டினால், உடல் சூட்டை வைத்து வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும். சோதித்துப் பார்க்கத் தன் வீட்டிலேயே மாட்டியிருந்தாள். பத்து நாளாக இதே இழவு. உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் சமர்த்தாக ஒன்று காட்டும். தோசை திருப்பப் போனால் இரண்டு. முதல் தடவை இரண்டைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. பேச்சுத்துணை இல்லாதவள், பாவம்.

நாளைக் காலைக்குள் சரியாகாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று டீம் லீடர் முகேஷ் சொல்லிவிட்டார். வெளிச்சூடு வந்து குழப்புகிறதோ என்று ரோட்டைப் பார்த்த மூன்று ஜன்னல்களையும் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்வை வழிய அவள் உட்கார்ந்திருந்தபோது, திண்டுக்கல் ரோட்டு பஸ் சத்தம் ஓய்ந்த ஓர் இடைவெளியில், பழைய தலையெண்ணெய் வாசனை லேசாக எழுந்து, பின்கழுத்தில் மூச்சுபோலச் சூடாகப் பட்டு, அங்கேயே நின்றது.

போன் ஒலித்தது. இரண்டு.

திரும்பவில்லை. அந்தத் தொழிலில் யாரும் வெளியே சொல்லாத கள்ள வேலையைச் செய்தாள். கருவியின் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். ஒன்றுக்கு மேல் எத்தனை வந்தாலும் ஒன்று என்றே காட்டு.

ஒன்று. போன் அடங்கியது. கதவைப் பூட்டிக்கொண்டு எதிர்ச் சாரி டீக்கடைக்கு இறங்கி ஓடினாள்.

டீ ஆறிக் கிடந்தபோது முகேஷ் கூப்பிட்டார்.

“சரி பண்ணிட்ட போல ரூத். அரை மணி நேரமா இங்கருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன், ஒன்னு அசையவே இல்ல. வீட்லதான இருக்க?”

போனில் கருவியின் கணக்கைத் திறந்தாள். பூட்டிய வீடு. பூஜ்யம் காட்ட வேண்டும்.

ஒன்று.

அந்த ஒன்று உண்மையில் எத்தனை என்று இனி யாருக்கும் தெரியாது. வரியை எழுதியவளுக்கும்.

நிமிர்ந்து பார்த்தாள். மாடியில் மூன்று ஜன்னல்களும் ஒரே நேரத்தில் திறந்தன.