வீட்டுக் குழுவில் இல்லாதவள்

ஐந்து பேருக்கும் சமைத்து, டப்பாக்களில் போட்டு மூடி வைத்த பிறகுதான் நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரிடம் பேசினாள்.

“எனக்கும் கேப்டனுக்கும் இன்னைக்கு சாப்பாடு வேணாம்னு நேத்தே குரூப்ல போட்டாச்சு. பாக்கறவங்களுக்குத் தெரியும்... பாக்காதவங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்!”

பாக்காதவளாம்! குழுவிலிருந்து அவளைத் தூக்கி எறிந்து முப்பத்தொரு நாள் ஆகிறது. எதைப் பார்ப்பாள் அவள்? இரண்டு டப்பாக்களையும் திறந்து மறுபடி பாத்திரத்தில் கொட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அழுகை வரும். அழுதால், “நடிக்கறா பாரு” என்பார்கள்.

அந்த வீட்டில் எல்லாமே ‘நம்ம வீடு’ என்ற அந்த வாட்ஸ்அப் குழுவில்தான் நடந்தது. அவள் கணவன் பஸ் டிரைவர். மதியம் போனால் எல்லோரும் படுத்த பிறகு வருவான். அவளுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். கேஸ் தீர்ந்தது, மோட்டார் போடணும், யாருக்குக் காய்ச்சல், யார் வர லேட்டாகும்... எதுவானாலும் அதில்தான் எழுதுவார்கள். அதில் இல்லாதவள் அந்த வீட்டிலேயே இல்லை.

அப்படி என்னதான் குற்றம் செய்தாள்?

நாத்தனார் கணவனை இழந்து மூன்று வயதுப் பிள்ளையோடு வந்து நின்றபோது, அவனையும் தன் மகள் சிட்டுவையும் ஒரே தட்டில் ஊட்டி வளர்த்தவள் அவள். இப்போது இரண்டும் ஒரே பள்ளியில், ஒரே பத்தாம் வகுப்பில். பையன் பள்ளிக் கால்பந்து அணியின் தலைவன் என்பதால் வீட்டிலும் அவனுக்குக் கேப்டன் என்றே பெயர். அந்தக் கேப்டன், வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பையன் பாடம் வாசித்ததை ரகசியமாகப் பதிவு செய்து, பாட்டோடு கலந்து, வகுப்புக் குழுவில் போட்டான். ஊரே சிரித்தது. அந்தப் பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். யாரோ அந்தப் பதிவை டீச்சருக்கு அனுப்பிவிட்டார்கள்.

தலைமையாசிரியர் அறையில் கேப்டனின் அணித் தலைவர் பதவி போனது. “எவ காட்டிக் கொடுத்தா? சொல்லுங்க!” என்று நாத்தனார் மேசையைத் தட்டினாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்ற சிட்டுவின் கை ஜில்லிட்டுப் போனதை அவள் தொட்டு உணர்ந்தாள். பெற்றவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? தெரிந்தால் வகுப்பே இவளைப் பிய்த்துத் தின்றுவிடும்...

“நான்தான்,” என்றாள். “சிட்டு போன்ல பாத்தேன். நான்தான் அனுப்பினேன்.”

அன்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், வேலைக்குக் கிளம்புமுன் கணவன் கத்திய கத்தல்! “மடியில போட்டு வளர்த்த பிள்ளையப் போய்... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையாடி உனக்கு?” அழுத சிட்டுவிடம் அவள், “மூச்சு விடக் கூடாது. என் மேல சத்தியம்,” என்று வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் போனை எடுத்தால் குழுவில் அவள் இல்லை. நீக்கிவிட்டார்கள். கணவரும் சேர்ந்துதானே செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். யாரிடம் போய்க் கேட்பது?

இன்றைய தினமும் வேலையில் எல்லா நாளையும் போலத்தான் போனது. ஈரப் போர்வைகள், நீராவி, பிளீச்சிங் வாடை. போர்வையின் மறுமுனையைப் பிடித்திருந்த கூட்டாளிதான், “என்னக்கா, ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு. நான் போர்வைகிட்டயா பேசிட்டிருக்கேன்?” என்று சீண்டினாள். அவளுக்குச் சிரிக்கக்கூட வரவில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பள்ளியில் கூட்டம். ஒரு மாதத்துக்கு முன் பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து எடுத்த முடிவு: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் போன் எல்லாம் ஒரு மாதம் பள்ளி அலமாரியில் பூட்டியிருக்கும். இன்று திருப்பித் தருகிறார்கள். அவள் நேரே வேலையிலிருந்து போய்க் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்த கணவன், தங்கையோடும் பிள்ளைகளோடும் இரண்டாவது வரிசையில். திரும்பி ஒரு முறை அவளைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திக்கிப் பேசும் பையன் முன் பெஞ்சில் தன் அப்பாவோடு இருந்தான். பள்ளிக்கு மறுபடி வரத் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது.

டீச்சர் சாவியை மேசையில் வைத்தார். “போனைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. பிள்ளைங்கள அன்பா எழுதுன்னு சொல்றோம். நாம எப்படி எழுதறோம்? உங்க போனைப் பிள்ளைங்க கையில குடுங்க. இந்த மாசம் வீட்டு ஆளுக்கு நீங்க எழுதினதை அவங்க வாசிக்கட்டும்.”

“எங்க வீட்டுல ‘பால் வாங்கிட்டு வா’ தவிர எதுவும் இருக்காது டீச்சர்!” என்று ஒருவர் சொல்ல, வகுப்பே சிரித்தது. சிட்டுவின் முறை வந்தது. அப்பாவின் போனை வாங்கி, ‘நம்ம வீடு’ குழுவில் அம்மாவுக்கு அவர் எழுதியதை வாசித்தாள்.

“‘சாப்டியா?’... மறுநாள், ‘சாப்டியா?’... ‘உன்னத்தான் கேக்கறேன், பதில் போடு.’... ‘அன்னைக்கு நான் கத்தினது தப்புதான். நேர்ல சொல்ல வாய் வரல. மன்னிச்சிடு.’... ‘இன்னும் கோவமா?’... நேத்து, ‘சாப்டியா?’...” சிட்டு தலையைத் தூக்கினாள். குரல் உடைந்தது. “அம்மா... ஒண்ணுக்குக்கூட நீ பதில் போடலையேம்மா!”

“எனக்கு... எனக்கு எதுவும் வரலையேடி,” என்றாள் அவள், எழுந்து நின்று. “என்னத்தான் எல்லாருமா சேர்ந்து தூக்கிட்டீங்களே...”

“யாரு தூக்கினது?” கணவன் திடுக்கிட்டுத் திரும்பினான். சிட்டு மேலே மேலே தள்ளினாள். அம்மாவை நீக்கியதாகக் காட்டிய வரியில் விரல் நின்றது.

“அத்தை. அன்னைக்கு சாயங்காலமே.”

நாத்தனாரின் முகம் செத்துப் போயிற்று. “ஆமா, நான்தான்! எம்பிள்ளைய நடுத்தெருவுல நிறுத்தினவளை நான் எதுக்கு...”

“அம்மா இல்ல!” சிட்டு கத்தினாள். “நான் அனுப்பினேன் டீச்சருக்கு! அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. எனக்காகப் பொய் சொன்னாங்க. சத்தியம் வாங்கிட்டாங்க...”

“சிட்டு, வாயை மூடு!” பதறி ஓடி வந்தாள் அவள். பட்ட பாடெல்லாம் வீணாயிற்றே! வகுப்பு மொத்தமும் மகளையே பார்த்தது.

கேப்டன் மெல்ல எழுந்தான். “நீயாடி? என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?”

“ரெண்டு தடவ சொன்னேன். ‘அவன் அழறாண்டா, எடுத்துடு’ன்னேன். நீ சிரிச்ச.”

கேப்டன் முன் பெஞ்சைப் பார்த்தான். அந்தப் பையன் திரும்பிப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தன் அம்மாவிடம் சொன்னான், “தப்பு பண்ணினது நான். அத்தைய ஏம்மா தூக்கின?”

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. நாத்தனார் பெஞ்சில் சரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “தெனம் பாத்தேன் அண்ணி... அண்ணன் கேட்டுக்கிட்டே இருந்ததை தெனம் பாத்தேன். சொல்லாம இருந்தேன்... பாவி நான்!” போனை எடுத்தாள். “இப்பவே... இப்பவே சேர்த்துடறேன்...”

சிட்டு தன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அந்தத் தலையை அணைத்தபடி அவள் நாத்தனாரைப் பார்த்தாள். கோபம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் போன் இருந்த அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“வேணாம், விடு.” பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “முப்பத்தொரு நாளும் ஒரே வீட்டுலதானே இருந்தீங்க? நீங்க வர்ற சத்தம் கேட்டு முழிச்சிட்டுதானே படுத்திருந்தேன்? ஒரு தடவ... ஒரே ஒரு தடவ வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?”

அவன் அத்தனை பெற்றோருக்கும் நடுவில், பெஞ்சுகளுக்கு இடையே இடித்துக்கொண்டு வந்து அவள் எதிரே நின்றான். இரண்டு முறை வாயெடுத்து மூன்றாம் முறைதான் வார்த்தை வந்தது.

“சாப்டியா?”

“இல்ல,” என்றாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை... அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.