வாலில் ஏறிய பாரம்

காலையில் வீட்டு வாசலில் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டியபோது பிக்கப் வண்டியின் பின்புறம் தரையிலிருந்து சரியாக மூன்று சாண் உயரத்தில் நின்றது. இப்போது கணவாயின் உச்சியில், இறக்கத்துக்கு முன் எல்லாரும் நிறுத்திப் பிரேக்கைச் சோதித்துக்கொள்ளும் சரளைத் திடலில், ராய்ஸ் குனிந்து மறுபடி சாண் வைத்தான். மூன்று சாணும் நான்கு விரலும் வந்தது. கட்டிலும் ஜன்னலும் வைத்த அந்த வீட்டு டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரே அர்த்தம்தான். டிரெய்லருக்குள் இருந்த பாரம் வால் பக்கம் நகர்ந்துவிட்டது. வாலில் பாரம் ஏறினால் இறக்கத்தில் டிரெய்லர் ஆட்டம் கண்டு, இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். ஆனால் உள்ளே நகர்வதற்கு ஒன்றுமே கிடையாது. இரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு ஐஸ் பெட்டி, போர்வைகள், அவ்வளவும் முன்பக்கம் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தான். வாலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நேற்றே திறந்துவிட்டுக் கடைசிச் சொட்டு வரை வடியவைத்தவன் அவன்தான். டிரெய்லரின் கதவைத் திறந்து பார்த்துவிடலாம். கைப்பிடி வரை கையைக் கொண்டுபோனான், பிறகு பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

பிற்பகல் மூன்று மணிதான். எங்கோ தெற்கே காடு எரிந்துகொண்டிருந்ததால் சூரியன் செப்புக்காசு போல மங்கிக் கிடந்தது. பக்கத்தில் குதிரை ஏற்றிய டிரெய்லரோடு நின்றிருந்த கிழவர் ஒருவர் தாடியைச் சொறிந்தபடி நெருங்கி வந்தார்.

"தம்பி, உனக்குத் தெரியாததில்ல. ஓடற டிரெய்லர்ல ஆள் ஏத்தறது தப்பு. அப்படியே ஏத்தினாலும், அந்த மனுஷனை முன்பக்கமா வந்து உக்காரச் சொல்லு. வால்லயே நின்னுக்கிட்டிருக்காரு."

உள்ளே யாருமில்லை என்றான் ராய்ஸ். கிழவர் டிரெய்லரின் பின்ஜன்னலைப் பார்த்தார், ராய்ஸைப் பார்த்தார், தன் வண்டிக்குப் போய் ஏறிக்கொண்டார். அவர் கிளம்பிப் போன வேகத்தைப் பார்த்தால் குதிரைக்கே கோபம் வந்திருக்கும்.

பிக்கப்பில் டார்லா காபிக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் ராய்ஸின் அண்ணன் லைமனின் மனைவி. லைமன் போய் இன்றோடு ஒரு வருடம். இந்த இறக்கத்தில்தான் போனான், இதே டிரெய்லரை இழுத்துக்கொண்டு. டிரெய்லர் பிய்த்துக்கொண்டு தடுப்புக் கம்பியில் சிக்கிக்கொள்ள, லைமன் வண்டியோடு பள்ளத்துக்குப் போனான். ராய்ஸ் அவளிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டபோது, அவள் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த டிரெய்லரைச் சரிசெய்து, அதே நாளில், அதே வழியாக ஏரிக்குக் கூட்டிப் போ, அங்கே பதில் சொல்கிறேன் என்றாள். அவனுக்கோ அது பதினோரு வருடமாக மனசுக்குள் வைத்துப் பூட்டியிருந்த ஆசை. மாட்டேன் என்று சொல்ல அவனால் எப்படி முடியும்? ஏன் மாட்டேன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வான்?

கியரைக் குறைத்து இறக்கத்தில் விட்டான். மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டான். ஒருபுறம் பாறை, மறுபுறம் தேவதாரு மரங்களின் உச்சிகள் மட்டும் தெரியும் பள்ளம், புகையும் சூடேறிய ரப்பரும் கலந்த வாசனை, எஞ்சினின் நீண்ட முனகல், அதற்கெல்லாம் அடியில், மிக மெதுவாக, பின்னாலிருந்து இன்னொரு சத்தம் வந்துகொண்டிருந்தது. காலித் தொட்டியில் தண்ணீர் நிறையும்போது வரும் சத்தம்.

"அன்னிக்கு வண்டியைச் சரிபார்த்தது நீதானே, ராய்ஸ்?" என்றாள் டார்லா. சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

அந்த அண்ணன் தம்பிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பூட்டுவான், மற்றவன் சரிபார்ப்பான். கொக்கி, சங்கிலி, பிரேக், பாரம் எல்லாம் பார்த்துவிட்டு டிரெய்லரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் கிளம்பலாம் என்று அர்த்தம். தட்டு விழுந்த பிறகு ஓட்டுகிறவன் இறங்கிப் பார்க்கக்கூடாது. பார்த்தால், கூடப்பிறந்தவனை நம்பவில்லை என்றாகிவிடும். லைமன் சாகும் வரை ஒருமுறைகூட இறங்கிப் பார்த்ததில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. காத்துதான் தள்ளிடுச்சுன்னு போலீஸே சொல்லிச்சே" என்றான் ராய்ஸ்.

டிரெய்லருக்குள் ஒரு காலடி கேட்டது. பின்னோக்கி ஒரே ஒரு காலடி. கண்ணாடியில் டிரெய்லரின் மூக்கு இன்னும் கொஞ்சம் தூக்கியது. கையிலிருந்த ஸ்டீயரிங் லேசாகிப்போனது. வால் இடப்பக்கம் நகர்ந்து, வலப்பக்கம் வந்து, மறுபடி இடப்பக்கம் போனது, சோம்பல் முறிக்கிற நாய் போல.

பிரேக்கை மிதிக்கக்கூடாது, மிதித்தால் பின்னால் இருப்பது முன்னால் வந்துவிடும். ராய்ஸ் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்குக்கான சின்னப் பிடியைக் கையால் அழுத்தினான். ஒன்றும் பிடிக்கவில்லை. பிரேக் எவ்வளவு பிடிக்கவேண்டும் என்று வைக்கும் திருகு சுழியத்தில் நின்றது. காலையில் அவன் அதை ஆறில் வைத்திருந்தான்.

"தண்ணித் தொட்டி நிறைஞ்சிருந்துச்சுன்னு அப்புறம் டிரெய்லரைப் பார்த்த மெக்கானிக் சொன்னாரு. உங்க அண்ணன் ஒருநாளும் தண்ணியோட மலையேற மாட்டாரே" என்றாள் டார்லா.

"எனக்கு எப்படித் தெரியும்?"

காலடி. பின்னோக்கி.

வால் இப்போது ஒரு வண்டியின் முழு அகலத்துக்கு ஆடியது. பள்ளத்தின் பக்கம் சக்கரம் சரளையைத் தொட்டது. ஐம்பது மைல். கற்கள் அடியில் படபடவென்று அடித்தன. டார்லா கம்பியைப் பிடித்துக்கொள்ளவில்லை. கத்தவும் இல்லை.

ராய்ஸுக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் தள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"நான்தான் நிரப்பினேன்" என்றான்.

காலடி. முன்னோக்கி.

ஆட்டம் ஒரு சாண் குறைந்தது.

"பின்கட்டிலுக்கு அடியில ஈர விறகை அடுக்கினேன். பிரேக் திருகைச் சுழியத்துக்குத் திருப்பினேன்."

காலடி. காலடி.

"தெரிஞ்சேதான் செஞ்சேன், டார்லா. ரெண்டு தட்டும் நான்தான் தட்டினேன். உனக்காகச் செஞ்சேன்."

பின்னால் எல்லாம் அடங்கிவிட்டது. கொக்கியில் பாரம் மெத்தென்று உட்கார்ந்தது, ஸ்டீயரிங் கனத்தது, வால் நேராகி ஆட்டுக்குட்டி போலப் பின்தொடர்ந்தது. முப்பது மைல். பாதி இறக்கத்தில் ஒரு ஒதுங்குமிடம் தெரிந்தது. ராய்ஸ் அதில் திருப்பி நிறுத்தினான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அழுகை வந்தது. பிழைத்துவிட்டோம் என்ற சந்தோஷமும் கூடவே வந்தது, அதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

டார்லா குப்பியின் மூடியைத் திருகி மூடினாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றே? உள்ளதானே இருக்காரு. அவருகிட்டப் போய்ச் சொல்லு."

அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஒரு வருடமாகவே இல்லையோ என்னவோ. அந்த முகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட டிரெய்லருக்குள் போவது மேல் என்று தோன்றியது அவனுக்கு. இறங்கிப் போனான். கதவு திறந்தே இருந்தது.

உள்ளே யாருமில்லை. ஈர விறகின் வாசனை. தரையெல்லாம் தண்ணீர். நாற்காலிகள் கட்டியபடியே இருந்தன. நாற்காலிகளுக்கும் பின்கட்டிலுக்கும் நடுவே ஈரத்தில் பூட்ஸ் தடங்கள். பின்னோக்கிப் போனவை, முன்னோக்கி வந்தவை. கடைசித் தடம் அவன் நின்ற வாசற்படியில், வெளியே பார்த்தபடி இருந்தது.

"அண்ணா" என்றான். "தப்புப் பண்ணிட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

எஞ்சின் கிளம்பியது. டார்லாவுக்கு டிரெய்லர் இழுத்து ஓட்டத் தெரியாது. ஆனால் வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. சரளையைத் தாண்டியதும் கியர் குறைந்தது. அவ்வளவு நிதானமாக இந்த மலையில் ஓட்டியவன் ஒருவன்தான். ராய்ஸ் கதவை உதைத்தான். உதைத்தான். தரை சாய்ந்தது. அவனுக்கு அடியில் தண்ணீர் நிறையத் தொடங்கியது. முன்ஜன்னலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விரல்கள் வழுக்கின. ஏதோ ஒரு கனம் அவன் கணுக்காலைப் பிடித்து வால் பக்கம் இழுத்தது.

முன்ஜன்னல் வழியாகப் பிக்கப்பின் பின்கண்ணாடி தெரிந்தது. டார்லா தன் இருக்கையில்தான் இருந்தாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு தலை இருந்தது. அதன் இடப்பாதி இல்லை. இல்லாத இடத்தில் செப்புச் சூரியன் தெரிந்தது.

டார்லா மெல்லக் கையை நீட்டி, அந்தக் கழுத்தில் மடங்கிக் கிடந்த ஈரக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.