மாதா படத்துக்குப் பின்னால்

காலை எட்டு நாற்பது.

கொட்டாஞ்சேனையில் ஒரு கொமியூனிகேஷன் கடை. முத்துலிங்கம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிங்களத்தில் பேசினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

யோசெப்பின் என்ற பெண்ணின் வீட்டில் ஒரு வயர் கட்டர் இருக்கிறது. மாதா படத்துக்குப் பின்னால்.

வைத்துவிட்டான்.

தமிழ் வீடு... வயர் கட்டர்... போன மாதம்தான் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

ஒன்பதேகாலுக்கு ஜீப் வந்தது. மூன்று நிமிடம்தான். அதிகாரி கட்டரைத் தூக்கிப் பிடித்து, "மேக்க மொகடத?" என்று கேட்டார். எதற்கென்று யோசெப்பின் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினாள். அவர் நம்பவில்லை. மத்தியானம் திரும்பி வருவதாகச் சொல்லி, கட்டரோடு அவள் புருஷனின் அடையாள அட்டையையும் கொண்டுபோனார்.

அவள் அழவில்லை. கெஞ்சவில்லை.

அழுது அழுது களைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான், பக்கத்து அறை வாசலில் நின்று பார்த்த முத்துலிங்கம்.

அந்தக் கட்டர் எதற்கென்று அவனுக்குத் தெரியும். ஆறு வாரத்துக்கு முன் அவள் புருஷன் பெரியதம்பிக்குத் தாடை உடைந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கட்டர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்றார் டொக்டர். சத்தி வந்தால் உடனே கம்பியை வெட்டவேண்டும். வெட்டாவிட்டால் வயிற்றிலிருந்து வருவது வெளியே போகாது. மூச்சுக்குள் போகும்.

ஐந்து நிமிடம் போதும்.

கட்டரை வாங்கி வந்தவன் பக்கத்து அறை முத்துலிங்கம். சோதனைக்கு வருகிறவர்கள் கண்ணில் படாமல் தொங்கவிட, மாதா படத்துக்குப் பின்னால் ஆணி அடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

தாடை உடைந்தது ஒரு சுற்றிவளைப்பில். ஒழுங்கையில் எல்லாரையும் வரிசையில் விட்டார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் சாக்கு மூடிய தலையாட்டி, ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன். மாடியில் குடியிருந்த இராமர் முன்னால் வந்தபோது சாக்கு ஆடியது. இராமர் பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை, பேக்கரியில் மா பிசைகிறவன். ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

பெரியதம்பி சாக்கைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். இடது வாரில் ஊசி குத்திய ரப்பர் செருப்பு.

வாயைத் திறந்தார்...

ஒரு துவக்குப் பிடி அதை மூடியது.

செருப்பை முத்துலிங்கம் அன்றே எறிந்துவிட்டான். ஆனால் அவன் வரும்போதெல்லாம் பெரியதம்பியின் கண் அவன் காலுக்கே போயிற்று. பேசினால் முனகல்தான். எழுதிக் காட்டமாட்டார். ஒரு டயறிக்காக இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டுபோன ஒழுங்கை அது. அந்த வீட்டில் பேனையே கிடையாது.

நாளைக்கு, வெள்ளிக்கிழமை, கம்பியை வெட்டுகிறார்கள். வாய் திறக்கும்.

போன வருடம் நாலு மாதம் உள்ளே இருந்தவன் முத்துலிங்கம். மாதம் ஒரு பெயர் தருவதாகச் சொல்லித்தான் வெளியே வந்தான். வேறு வழி இருந்ததாக அவனுக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

பத்தரை மணிக்குச் சூப்போடு போனான். மாளிகாவத்தை மர்ஸூக் நானாவின் இறைச்சிக்கடை எலும்பு. தினமும் கொண்டுபோவதுதான். இன்றைக்கு மட்டும் நாட்டுமருந்துக் கடைத் தூள் ஒரு கரண்டி கூட. குடித்தால் கால் மணியில் வயிறு பிரட்டும். வேறொன்றும் செய்யாது. வாய் திறந்தவனுக்கு.

பெரியதம்பி கட்டிலில் சாய்ந்திருந்தார். சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது. உதட்டுக்கிடையில் கம்பி மின்னியது.

"அண்ணைக்கு இண்டைக்கு எப்பிடி?"

"நாப்பத்தெட்டுக் கிலோ. அறுபத்தொண்டில படுத்த மனுசன்," என்றாள் யோசெப்பின். "காலமை முட்டை அடிச்ச பால். பிறகு பருப்புத் தண்ணி, பட்டர் போட்டு. மத்தியானம் மீனை அவிச்சு அரைச்சுத் துணியில வடிச்சுக் கஞ்சியோட. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் குடுக்கிறன், தம்பி. அவற்ற நிறை இறங்கிக்கொண்டுதான் இருக்கு."

"இன்னும் ஒரு நாள்தானே, அக்கா. நாளைக்குக் கொத்துரொட்டியே சாப்பிடுவார்."

அவள் சிரிக்கவில்லை. சூப்பைத் தம்ளரில் ஊற்றினாள். விழுந்த பல்லின் இடைவெளிக்குள் நுழைக்கும் ஸ்ட்ரோவை அதில் போட்டாள். மேசையில் வைத்தாள். போய்க் கதவைச் சாத்தினாள்.

கொண்டி போட்டாள்.

முத்துலிங்கம் திரும்பிப் பார்த்தான்.

"காத்து அடிக்குது," என்றாள்.

பெரியதம்பி தம்ளரை எடுத்தார். மணந்து பார்த்தார். ஸ்ட்ரோவை உருவி மேசையில் வைத்தார்.

பிறகு...

வாயைத் திறந்தார்.

மேல்பல்லில் கம்பி. கீழ்ப்பல்லில் கம்பி. இரண்டையும் சேர்த்துக் கட்டிய கம்பி மட்டும் இல்லை!



"செவ்வாய்க்கிழமையே வெட்டிப்போட்டினம்," என்றாள் யோசெப்பின். "எலும்பு ஒட்டீட்டுதாம். மிச்சக் கம்பியைப் பிறகு கழட்டுவினமாம். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர் இவர். வெட்டின பிறகு அந்தக் கட்டர் சும்மாதான் தொங்கினது."

"அப்ப... நல்லதுதானே, அக்கா..."

"வந்தவங்கள் அலுமாரியைத் திறக்கேல்லை. மெத்தையைப் பிரட்டேல்லை. நேரே ஆணிக்குப் போனவங்கள். நீங்கள் அடிச்ச ஆணிக்கு."

முத்துலிங்கம் கதவைப் பார்த்தான். வெளியே ஒழுங்கை. ஒழுங்கை முழுக்க இராமரைத் தெரிந்த ஆட்கள். அதற்கு அப்பால் ஜீப். அந்தப் பக்கம் போனால் அடுத்த மாதத்துக்கு இன்னொரு பெயர் வேண்டும்.

பெரியதம்பி தொண்டையைச் செருமினார். ஆறு வாரம் பூட்டிக் கிடந்த குரல். துருப்பிடித்த கேற் மாதிரி வந்தது.

"இராமரை எங்க வைச்சிருக்கினம்?"

"தெரியாது, அண்ணை. மாதாவாணை எனக்குத் தெரியாது. பேரை மட்டும்தான் கேப்பாங்கள். பிறகு ஒண்டும் சொல்லமாட்டாங்கள்."

அது உண்மை. அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

யோசெப்பின் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். அந்தப் பதிலுக்காகத்தான் ஆறு வாரமாகத் துணியில் கஞ்சி வடித்தாள் போல, கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே இருந்தாள்.

பெரியதம்பி தம்ளரை மேசையில் மெல்லத் தள்ளினார். அது முத்துலிங்கத்தின் முன்னால் வந்து நின்றது.

"உனக்கு வாய் கட்டேல்லைத்தானே, தம்பி. சத்தி வந்தால் எடுக்கலாம். குடிக்க என்ன பயம்?"